பொன்முடிப் பாறையும் கரியமில வாயுச் சேமிப்பும்

திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. விதுராவையும் கல்லாற்றையும் கடந்து, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் பயணிகள் அங்கே மூடுபனியையும் தேயிலைத் தோட்டங்களையும் கண்டு திரும்புவர். நிலவியலாருக்கோ அம்மலை வேறொரு காரணத்தால் புகழ்பெற்றது. அங்குக் கல் உடைக்கும் குழி ஒன்றில், வெளிறிய சாம்பல் நிற நைஸ் பாறையின் ஊடே கரும்பச்சை நிறப் பட்டைகளும் திட்டுகளும் ஓடுகின்றன. சாம்பல் நிறப் பாறை எவ்வாறு கரும்பச்சைப் பாறையாக மாறியது என்பதை விளக்கும் கட்டுரை ஒன்று 1985இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அன்று முதல் உலக நிலவியல் ஏடுகளில் பொன்முடி என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அம்மாற்றத்தின் வரலாற்றில் முதன்மையான பங்கு கரியமில வாயுவுக்கு உண்டு.

இன்று ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் வெளியாகும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடிப் பாறைகளில் சேமித்து வைப்பது பற்றி எங்கும் பேசப்படுகிறது. ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளாக இவ்வாயுவைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் பாறை நம் நாட்டிலேயே இருக்கும்போது, அத்தகைய பாறையிலேயே அதனைச் சேமித்தால் என்ன என்ற வினா மாணவர் மனத்தில் எழுவது இயல்பே. அவ்வாறு செய்ய இயலாது என்பதே விடை. ஏன் இயலாது என்று ஆராய்ந்தால், எந்தப் பாறை சேமிப்புக்கு ஏற்றது என்பதை மதிப்பிடும் முறை முழுவதும் தெளிவாகிவிடும்.

கல்லுக்குள் அடைபட்ட வாயு

பொன்முடி அமைந்துள்ள தென் கேரளப் பகுதி, கோண்டலைட், நைஸ், சார்னோகைட் ஆகிய உருமாற்றப் பாறைகளால் ஆனது. இவற்றுள் சார்னோகைட் என்னும் பெயரில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஜோப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல், சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டதாகும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அக்கல்லறையை நினைவிற் கொண்டே இப்பாறைக்குப் பெயர் சூட்டினார்.

பூமியின் மேலோட்டில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது. சாம்பல் நிற நைஸில் உள்ள கரிய அப்பிரகம் தன் கட்டமைப்பில் நீரைக் கொண்டது. பாறையின் வெடிப்புகள் வழியே கரியமில வாயு பரவி நீராவியின் பங்கைக் குறைத்தபோது, அப்பிரகம் நிலைத்திருக்க இயலாமல் குவார்ட்சுடன் வினைபுரிந்து, நீரை வெளியேற்றி, ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமாகவும் பெல்ஸ்பாராகவும் மாறியது. ஹைப்பர்ஸ்தீன் தோன்றிய இடமெல்லாம் கரும்பச்சை நிறம் பெற்றது. கர்நாடகத்தில் கப்பல்துர்காவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்திருப்பது 1979இலேயே விளக்கப்பட்டிருந்தது. அவ்வாயு பூமியின் அடியாழத்திலிருந்து மேலெழுந்ததா, அல்லது அப்பாறையிலேயே இருந்த கிராபைட்டிலிருந்து பிறந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் வினாவுக்கு அவ்வழக்கின் தீர்ப்புத் தேவையில்லை.

வாயு இன்னும் அங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று என்ன? பாறையை மெல்லிய சீவலாக அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், குவார்ட்ஸ் மணிகளுக்குள் மிகச் சிறிய குமிழ்கள் தென்படும். அவற்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு இருக்கலாம். சீவலைத் திரவ நைட்ரஜனால் உறையச் செய்து, பின் மெல்லச் சூடேற்றினால், குமிழுக்குள் உறைந்த பொருள் கழி 56.6 பாகையில் உருகும். தூய கரியமில வாயுவின் உருகுநிலை அதுவே. 1971இல் ழாக் டூரே என்னும் அறிஞர் தென் நார்வேயின் பாறைகளில் இத்தகைய குமிழ்களை எடுத்துக்காட்டிய பின்னர், உலகெங்கும் இவ்வகைப் பாறைகளில் அவை தேடப்பட்டன. கேரளத்துப் பாறைகளிலும் ஏராளமாகக் கிடைத்தன.

ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். அன்று வாயு நுழைந்தது பாறை கொதித்து நெகிழ்ந்திருந்த வேளையில். கனிமங்கள் வளர்ந்தபோது அவற்றின் உடலுக்குள்ளேயே அது சிறைப்பட்டது. இன்று அப்பாறை குளிர்ந்து இறுகிவிட்டது. கல்லுக்குள் அடைபட்ட தேரையைக் கண்டு, இன்னொரு தேரையும் அதனுள் நுழையலாம் என்று எண்ணுவார் உண்டோ?

தேவைப்படும் தகுதிகள்

சேமிப்புப் பாறையைத் தேடுபவர் முதலில் ஆழத்தைப் பார்க்கிறார். கரியமில வாயு 31 பாகை வெப்பத்தையும், வளிமண்டலத்தைப்போல் 73 மடங்கு அழுத்தத்தையும் கடந்தால் மீமாறுநிலை என்னும் நிலையை அடைகிறது. அப்போது வாயுவைப்போல் நுண்துளைகளில் பரவும். ஆனால் திரவத்தைப்போல் அடர்ந்திருக்கும். நிலத்தடி நீரின் அழுத்தம் பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அளவு உயர்வதால், சுமார் 800 மீட்டருக்குக் கீழே இந்நிலை கிட்டும். எனவே, நூல்கள் பலவும் 800 மீட்டர் என்ற அளவைக் குறிப்பிடுகின்றன.

இவ்வளவை நம் நாட்டில் அப்படியே ஏற்பது சரியன்று. வட கடலின் அடித்தளம் குளிர்ந்தது. தென்னிந்தியாவில் நிலத்தின் மேற்பரப்பே 27, 28 பாகை வெப்பத்தில் தொடங்குகிறது. 800 மீட்டரில் அது ஏறத்தாழ 50 பாகை ஆகிவிடும். அவ்வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு டன் கரியமில வாயு நான்கு கன மீட்டருக்கு மேல் இடம் கொள்ளும். 1,500 மீட்டருக்குச் சென்றால் அதுவே சுமார் இரண்டு கன மீட்டரில் அடங்கும். மேற்பரப்பில் அதற்கு ஐந்நூறு கன மீட்டருக்கு மேல் தேவைப்படும். எனவே வெப்ப நாடுகளில் சற்று ஆழமாகவே செல்லவேண்டியுள்ளது. துளைக்கும் செலவும் அதற்கேற்ப உயர்கிறது.

ஆழத்திற்கு அடுத்தது இடம். மணற்கல்லில் மணிகளுக்கு இடையே வெற்றிடம் உண்டு. நல்ல மணற்கல்லின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகளாக இருக்கலாம். அத்துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தால்தான் செலுத்தும் வாயு பரவும். துளை இருந்தும் வழி இல்லாத பாறை, கதவில்லாத அறைகள் கொண்ட வீட்டைப் போன்றது. பொன்முடிப் பாறையிலோ மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வளர்ந்துள்ளன. துளைகள் நூற்றில் ஒரு பங்கும் தேறுவதரிது. அங்கு நீர் கிடைப்பதெல்லாம் மேலே சிதைந்து செம்புரைக்கல்லாக மாறிய பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும்தான். மலைப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு வெட்டி ஏமாந்தவர்கள் இதனை நன்கு அறிவர்.

மூன்றாவது தேவை மூடுபாறை. கரியமில வாயு நிலத்தடி உப்புநீரைவிட இலேசானது. ஆதலால் எப்போதும் மேலெழ முயலும். அதனைத் தடுத்து நிறுத்த, தடித்த, வெடிப்பற்ற களிப்பாறை அடுக்கு ஒன்று மேலே போர்வைபோல் அமைந்திருக்க வேண்டும். பொன்முடியில் அத்தகைய போர்வை எதுவும் இல்லை. அங்குள்ள வெடிப்புகள் மேற்பரப்பு வரை நீண்டு, ஓடைகளுக்கு நீர் தருகின்றன.

இத்தகைய பளிங்குப் பாறைக்குள் வற்புறுத்தி ஒன்றைச் செலுத்தினால் என்ன நிகழும் என்பதை அமெரிக்கா ஒரு முறை கண்டது. டென்வர் நகரை அடுத்த இராக்கி மவுண்டன் படைக்கலச் சாலையில், கழிவுநீரைப் போக்குவதற்காக 3,671 மீட்டர் ஆழமுள்ள கிணறு தோண்டப்பட்டது. அதன் அடி, பொன்முடிப் பாறைக்கு உறவான பழைய நைஸ் பாறையில் நின்றது. 1962 மார்ச்சில் நீர் செலுத்தத் தொடங்கிய சில வாரங்களில் அதிர்வுகள் தோன்றின. 1966 பிப்ரவரியில் செலுத்துவதை நிறுத்தினர். ஆயினும் மிகப் பெரிய அதிர்வுகள் 1967இல்தான் ஏற்பட்டன. வெடிப்புகளில் புகுந்த அழுத்தம், செலுத்துவதை நிறுத்திய பின்னும் மெல்லப் பரவிக்கொண்டே இருந்ததே காரணம். அதே 1967ஆம் ஆண்டு டிசம்பரில், நீர்த்தேக்கத்தின் தூண்டுதலால் ஏற்பட்டதெனக் கருதப்படும் கொய்னா நிலநடுக்கம் நம் நாட்டில் நிகழ்ந்தது. பாறையிலுள்ள நீரழுத்தத்தைச் சிறிதெனக் கருதலாகாது என்பதை அறிய நமக்கு அயல்நாட்டுச் சான்று தேவையில்லை.

மலையடிவாரமும் கடற்கரையும்

பொன்முடி தகாது என்றால், மலையிலிருந்து இறங்கினால் கடற்கரையில் உள்ள படிவுப் பாறைகள் ஏற்றவையல்லவா என்று கேட்கலாம். கேரளக் கடற்கரையில் வைக்கம், கொல்லம், வர்க்கலை என்னும் ஊர்ப்பெயர்களைத் தாங்கிய அடுக்குகள் உள்ளன. மணற்கல் உண்டு, களி உண்டு, கொல்லம் அடுக்கில் சுண்ணாம்புப் பாறையும் உண்டு. ஆனால் நிலப்பகுதியில் இவை மிகத் தடித்துள்ள ஆலப்புழைப் பக்கத்திலேயே மொத்தத் தடிமன் அறுநூறு மீட்டர் அளவினதே. மேலே கூறிய ஆழம் இங்குக் கிட்டவில்லை. அதைவிட முக்கியமானது, வைக்கம், வர்க்கலை அடுக்குகளின் நீரைப் பல ஊர்களின் மக்கள் குடிக்கிறார்கள் என்பது. சுற்றிலும் காயல் நீர் சூழ்ந்தும் குடிநீருக்கு ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் பகுதி அது. நன்னீர் அடுக்குக்குள் கரியமில வாயு புகுந்தால் நீர் புளித்து, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைக்கத் தொடங்கும். ஆகவே இவ்வடுக்குகளைக் கணக்கிலேயே சேர்க்கலாகாது என்பது என் கருத்து. கடலுக்குள் செல்லச் செல்லப் படிவுகள் தடிக்கின்றன. கேரளத்திற்கு வாய்ப்பு உண்டென்றால் அங்கேதான் தேடவேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே தமிழ்நாட்டில் நிலைமை வேறு. வாயுவைப் பிடிக்கும் பணியில் தூத்துக்குடிக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்குள்ள காரப்பொருள் ஆலை ஒன்றில், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்புச் செய்யும் அமைப்பு 2016இல் ஏற்பட்டது. ஆனால் சோடா உப்புக் கண்ணாடி உலைக்குச் செல்லும்போது அவ்வாயு மீண்டும் காற்றில் கலந்துவிடும். பயன்படுத்துவது வேறு, சேமிப்பது வேறு. நூற்றாண்டுக் கணக்கில் சேமிக்க வேண்டுமானால் காவிரிப் படுகையையே நோக்கவேண்டும். அங்கே படிவுகள் சில இடங்களில் ஐந்து கிலோமீட்டரையும் கடந்த ஆழத்திற்குச் செல்கின்றன. மணற்கல் அடுக்குகளும், அவற்றை மூடும் சாத்தப்பாடிக் களிப்பாறை போன்ற அடுக்குகளும் உள்ளன. நரிமணம், கமலாபுரம் முதலிய இடங்களில் எண்ணெயும் எரிவாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கசியாமல் இருந்தமையே மூடுபாறையின் நம்பகத்திற்குச் சான்றாகும்.

எனினும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் அறிவது நல்லது. 500 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி அனல்மின் அலகு ஆண்டொன்றுக்குச் சுமார் 30 இலட்சம் டன் கரியமில வாயுவை வெளியிடும் எனக் கொள்வோம். 1,500 மீட்டர் ஆழத்தில் அதற்கு 60 இலட்சம் கன மீட்டர் வெற்றிடம் தேவை. பாறையில் துளைகள் நூற்றுக்கு இருபது பங்கு. ஆனால் அத்துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் நிறைந்துள்ளது. வாயு அதனை ஒதுக்கிவிட்டு இடம்பிடிப்பது சிறு பகுதியில்தான். அதனை நூற்றுக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டால், ஓராண்டுக்கு 150 கோடி கன மீட்டர், அதாவது ஒன்றரைக் கன கிலோமீட்டர் பாறை வேண்டும். அலகின் ஆயுள் 30 ஆண்டு என்றால் 45 கன கிலோமீட்டர். மணற்கல் அடுக்கின் தடிமன் 50 மீட்டர் எனில், பரப்பு 900 சதுர கிலோமீட்டர். ஒரே ஓர் அலகுக்கு, சிறிய மாவட்டம் ஒன்றின் அடிப்பரப்பு!

அழுத்தம் வாயுவையும் கடந்து வெகு தொலைவு பரவும். நெய்வேலியில் நிலக்கரிப் படிவுக்குக் கீழுள்ள நீரடுக்கின் மேல்நோக்கிய அழுத்தத்தைத் தணிக்க, சுரங்கம் நடைபெறும் காலமெல்லாம் இரவும் பகலும் நீரை இறைக்கவேண்டியுள்ளதை அறிவோம். அடைபட்ட நீரடுக்கில் ஓரிடத்தில் செய்வது மற்றோரிடத்தில் தெரியும். நார்வேயின் ஸ்னோவிட் வயலில் 2008இல் வாயுவைச் செலுத்தத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிட விரைவாக அழுத்தம் ஏறிற்று. மணற்கல் நல்லதே, ஆனால் அது தனித்தனிப் பகுதிகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. 2011இல் வேறோர் அடுக்குக்கு மாறவேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த இடத்திலேயே இவ்வாறு நேர்ந்தது.

காவிரிப் படுகையில் இன்னும் இரண்டு உண்டு. எண்ணெய் தேடி ஏற்கெனவே நூற்றுக்கணக்கான கிணறுகள் துளைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் மூடுபாறையில் இட்ட ஓட்டையே. கரியமில வாயு கரைந்த நீர் அமிலத்தன்மை உடையது. பழைய கிணறுகளின் சிமெண்டை அது அரிக்கவல்லது. எனவே கைவிடப்பட்ட கிணறுகளின் பட்டியலும் அவை மூடப்பட்ட முறையும் பாறையின் ஆய்வுக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. மற்றொன்று, மேலே வாழும் மக்கள். டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம், எண்ணெய், எரிவாயுவுக்கான புதிய துளைப்புகளை விலக்கியுள்ளது. வாயுவை எடுப்பதற்காகத் துளைக்க வேண்டாம் என்ற உழவரிடம், வாயுவைப் புதைப்பதற்காகத் துளைக்க வருகிறோம் என்று சொல்லும் அலுவலர், 900 சதுர கிலோமீட்டர் என்ற கணக்கையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர்.

பசால்ட் தரும் நம்பிக்கை

பளிங்குப் பாறை எல்லாம் பயனற்றது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டில் கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவை மிகுதி. கரியமில வாயு இவற்றுடன் கூடிக் கல்லாகவே மாறிவிடும். ஐஸ்லாந்தில் 2012இல் நீரில் கரைத்துச் செலுத்திய வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இரண்டாண்டுக்குள் கல்லானதென 2016இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வல்லுலா என்னுமிடத்தில் 2013இல் சுமார் 1,000 டன் செலுத்தி ஆராய்ந்தனர். பொன்முடியின் நைஸும் கோண்டலைட்டும் சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்தவை. அவற்றிற்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு.

நம் நாட்டில் தக்காணப் பசால்ட் பரந்து கிடக்கிறது. ஆனால் ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் நீர் வேண்டும். மராத்வாடா போன்ற வறட்சிப் பகுதியில் அந்நீர் எங்கிருந்து வரும்? பசால்ட்டுக்கு அடியில் மணற்கல் புதைந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பும் எல்லா இடத்திலும் நிறைவேறுவதில்லை. கொய்னாப் பகுதியில், 2017இல் துளைத்து முடித்த 3,000 மீட்டர் ஆய்வுக் கிணறு உட்பட, தோண்டிய துளைகளில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பசால்ட்டைக் கடந்ததும் நேரடியாகக் கிரானைட் நைஸே காணப்பட்டது. இடையில் படிவுப் பாறை இல்லை.

எண்களை எவ்வாறு படிப்பது

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டின் நிலத்தடிச் சேமிப்புத் திறன் 39,500 கோடி டன் முதல் 61,400 கோடி டன் வரை. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் கரியமில வாயு வெளியீட்டை ஆண்டுக்குச் சுமார் 260 கோடி டன் எனக் கொண்டது. வகுத்துப் பார்ப்பவர், ஒன்றரை நூற்றாண்டுக்குக் கவலையில்லை என்று சொல்லக்கூடும். அவ்வாறு வகுப்பது பிழை. மேற்கூறிய திறனில் உப்புநீர் அடுக்குகளுக்கு 29,100 கோடி டன். பசால்ட்டுக்கு 9,700 கோடி முதல் 31,600 கோடி டன் வரை. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் பசால்ட்டைப் பற்றிய ஐயத்தால் விளைந்தது என்பதை எண்களே காட்டுகின்றன. எண்ணெய் வயல்களின் பங்கோ மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே. மிக நன்றாக அறியப்பட்ட இடங்களின் திறன் மிகச் சிறியது. மிகப் பெரிய திறன் காட்டும் இடங்கள் மிகக் குறைவாக அறியப்பட்டவை.

இவை கோட்பாட்டளவிலான திறன்கள். பாறையின் பருமனையும் துளைகளையும் பெருக்கி வருவது அது. மூடுபாறை இல்லாதவை, நன்னீர் உள்ளவை, போதிய ஆழம் இல்லாதவை, நிலநடுக்கப் பிளவுகளை ஒட்டியவை ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது அடுத்த படி. அங்கு நிலநடுக்க அலை ஆய்வு செய்து, துளையிட்டு, பாறைத் துண்டை வெளியே எடுத்துச் சோதித்து, நீரைச் செலுத்தி அழுத்தம் ஏறும் வேகத்தை அளந்த பின் தேறுவது அதற்கும் அடுத்த படி. ஒவ்வொரு படியிலும் எண் சுருங்கும். ஒரு திட்ட அறிக்கை கையில் வரும்போது, அதிலுள்ள எண் எந்தப் படியில் நிற்கிறது, எத்தனை துளைகளைச் சான்றாகக் கொண்டது என்று கேட்பது மாவட்ட அலுவலர்க்கும் எளிது; அதற்கு நிலவியல் பட்டம் தேவையில்லை.

திருவனந்தபுரத்தில் 1978இல் நிறுவப்பெற்ற புவி அறிவியல் ஆய்வு மையம், இன்று மைய அரசின் தேசிய நிறுவனமாக விளங்குகிறது. பொன்முடி முதலிய இடங்களின் பாறைகளை ஆராய்வதில் அதற்கு நீண்ட மரபு உண்டு. கல்லூரி மாணவர்கள் சிறு பாறைத் துண்டு ஒன்றை மெருகேற்றி, கழி 56.6 பாகையில் குமிழ் உருகுவதைத் தம் கண்ணாலேயே காணலாம். அதே துண்டை நீரில் ஊறவைத்து, ஊறுமுன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் எடை ஏறக்குறைய மாறாதிருக்கும். அருகில் வர்க்கலைக் குன்றின் மணற்கல் துண்டையும் வைத்து நிறுத்தால் வேறுபாடு தராசிலேயே தெரிந்துவிடும்.